எண்ணெய் பூசாத முட்டைகள்

முட்டையும் மூச்சு விடும் என்று எனக்கு முதலில் சொன்னவன் என் இளைய மகன் டைட்டஸ்தான், ஆண்டவரே. போன லெந்து உபவாச நாட்களில், பின்வாசல் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிக்கொண்டே சொன்னான். ஓடு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துவாரம் இருக்குமாம், உள்ளே இருக்கிறது அது வழியாகத்தான் காற்றை வாங்கி விடுமாம். பிள்ளைகளுக்கு எத்தனை முட்டை அவித்து உரித்துக் கொடுத்திருப்பேன், ஒரு நாளாவது எனக்கு அப்படித் தோன்றியதில்லை. எட்டாம் வகுப்புக்குள் அந்தப் பாடம் வரவில்லையோ, வந்த அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் போகவில்லையோ. செய்து வைத்தவர் நீர், உமக்குத் தெரியும். எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். அந்த மூச்சை நினைத்துக்கொண்டுதான் இப்போது இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் போட்டுத்தான் ஆரம்பித்தேன், மூட்டு ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடினால் பெட்டி தெரியவில்லை, பெட்டியைப் பார்த்தால் ஜெபம் ஓடவில்லை, ஆகையால் கண்ணைத் திறந்துகொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதேயும். மீன் வருகிற தெர்மோகோல் பெட்டி இது. மணப்பாட்டிலிருந்து மீன் கொண்டுவருகிறவரிடம் டைட்டஸ் கேட்டு வாங்கி, எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்து வெயிலில் காயவைத்தான். உள்ளே இரண்டு குண்டு பல்பு, ஒரு சின்னக் காற்றாடி, முட்டைகளை அடுக்கக் கம்பி வலை, வலைக்கு அடியில் தண்ணீர்த் தட்டு, சூட்டை அளந்து பல்பை அணைத்து எரியவைக்கிற ஒரு கருவி, எல்லாம் அவனே பூட்டினான். மூடியில் சதுரமாக வெட்டி எங்கள் கல்யாணப் படத்துக் கண்ணாடியைப் பதித்தான். படம் இப்போது கண்ணாடி இல்லாமல் மாட்டியிருக்கிறது. அவன் அப்பா முன்னைக்கு இப்போது நன்றாகத் தெரிகிறார். உயிரோடு இருந்தபோது இந்த வேலையைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார், ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார், பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வெற்றிலை வாங்கப் போயிருப்பார். காலையில் நான் காப்பியை ஆற்றிக்கொண்டிருக்கும்போது அந்தக் கருவியின் சிவப்பு எழுத்து பட்டென்று போய்விட்டது. ராத்திரியெல்லாம் அடித்த மழைக்கு வேப்பங்கொப்பு ஒன்று கரண்டு லைன் மேல் விழுந்துகிடக்கிறதாம், சாயங்காலம் ஆனாலும் ஆகும் என்று தெருவில் சொல்லிக்கொண்டு போனார்கள். எந்த நாளில் போகக் கூடாதோ அந்த நாளில் போய்விட்டது. இன்றைக்குத்தான் பொரிக்க வேண்டிய நாள்.

டைட்டஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான், நான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முதுகு எனக்கு நல்ல பழக்கம். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் மஸ்கட்டில் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று பெட்டியும் கையுமாக வந்து இறங்கினானே, அன்றைக்கு நடையில் செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். கோவிலுக்கு வரமாட்டான், எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்பார்கள். கடைக்குப் போகமாட்டான், அங்கேயும் கேட்பார்கள். நான் கேட்கவில்லை. தேத்தண்ணீரைக் கதவுப் பக்கத்தில் வைப்பேன், ஆறிப்போய் ஆடை படர்ந்திருக்கும், எடுத்துப் போய்விட்டு அடுத்ததை வைப்பேன். ஒரு நாள் பின்கட்டில் துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றையே அவன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். சும்மாகூடப் பார்த்திருக்கலாம். அதில் காக்கை உட்கார்ந்திருந்திருக்கலாம். அவன் உள்ளே போனதும் நான் அந்தக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன், அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் துணி மதிலில்தான் காய்கிறது. இதை உம்மிடம்கூட நான் வாயால் சொன்னதில்லை, நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர். அந்த முதுகு இன்றைக்குத் திரும்பியது. "எம்மா, உடன்குடில ஜோயல் கடையில பழைய இன்வெர்ட்டரும் பேட்டரியும் சும்மா கெடக்கு. போய்த் தூக்கிட்டு வாறேன்" என்றான். மழை பெய்யுதே ஐயா என்றேன். "பெய்யட்டும்." வண்டிச் சாவி எங்கே தொங்குகிறது என்றே அவனுக்கு மறந்துபோயிருந்தது, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வண்டியும் அவனை மறந்துபோயிருந்தது, மிதித்து மிதித்து அவன் கால் ஓய்ந்த பிறகுதான் இருமிக்கொண்டு கிளம்பியது. நடையில் நின்று, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "என்ன ஆனாலும் மூடியை மட்டும் தொறக்காதீங்கம்மா. தொறந்தா ஈரம் போயிரும், உள்தோல் காஞ்சு குஞ்சு மேல ஒட்டிக்கிடும், அதுக்கப்புறம் அது வெளிய வரவே வராது. டியூப் வழியா தண்ணி மட்டும் பாத்துக்கிடுங்க." சரி ஐயா என்றேன். கொஞ்ச தூரம் போனவன் வண்டியை அணைக்காமல் காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தான். "இந்தத் தடவையும் வரலைன்னா என்னால ஆகாதும்மா. பெட்டியை ஒடச்சு எரிச்சிருங்க." பெட்டி எரிந்தால் எரிந்துவிட்டுப் போகிறது ஆண்டவரே, தெர்மோகோல்தானே. அதற்கப்புறம் அவன் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான் என்பதுதான் எனக்கு. திறக்கமாட்டேன். வானம் இடிந்து இந்த ஓட்டின் மேல் விழுந்தாலும் திறக்கமாட்டேன். நான் யாரிடமும் இப்படி அழுத்திப் பேசினவள் இல்லை, உமக்குத் தெரியும், காய்கறிக்காரன் சொத்தைக் கத்தரிக்காயைப் போட்டாலும் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்து சொத்தையை வெட்டிப் போட்டுவிட்டுக் கறி வைக்கிறவள். ஆனால் இதைத் திறக்கமாட்டேன்.

கண்ணாடி வழியாகக் காய்ச்சல் பார்க்கிற கம்பி தெரிகிறது. கருவி பழுதானால் இருக்கட்டும் என்று முட்டைகளுக்கு நடுவில் நான்தான் வைக்கச் சொன்னேன். பாதரசம் தொண்ணூற்றொன்பதுக்கு மேலேயே நிற்கிறது. கரண்டு போய் இவ்வளவு நேரத்துக்கு அப்புறமும் அதே இடத்தில் நிற்கிறதே, ஸ்தோத்திரம், பெட்டி சூட்டை நல்லாவே பிடித்து வைத்திருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். பாதி ஸ்தோத்திரம் சொல்லும்போதுதான் நெஞ்சில் முள் குத்தினமாதிரி இருந்தது. அந்தக் கம்பி உதறினால்தானே இறங்கும். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்க்கும்போது எத்தனை தடவை உதறியிருக்கிறேன், கை வலிக்க உதறி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி உதறி. ஒரு தடவை ஏறினதைத்தான் அது காட்டிக்கொண்டிருக்கும், ஆள் குளிர்ந்து விறைத்துப்போனாலும் காட்டிக்கொண்டிருக்கும். கோவில் வாசலில் யாராவது என்னைப் பார்த்து, எமிலி அக்கா சுகமா என்று கேட்டால் சுகம் சுகம் என்று நானும் அப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். டைட்டஸும் மஸ்கட்டிலிருந்து போனில் நல்லா இருக்கேம்மா, நல்லா இருக்கேம்மா என்றுதான் கடைசி வரைக்கும் சொன்னான், ஆறு மாதச் சம்பளம் வராமல் இருக்கும்போதும் அதே குரல். உதறிப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. இப்போதும் பெட்டிக்குள் கையைவிட்டு எடுத்து உதறத்தான் கை துடிக்கிறது. திறந்தால்தானே எடுக்க முடியும். திறக்கமாட்டேன். கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு இருக்கிறதுமாதிரியும் இருக்கிறது, இல்லாததுமாதிரியும் இருக்கிறது. என் கன்னத்துச் சூட்டையே கண்ணாடி எனக்குத் திருப்பிக் கொடுக்கிறதோ என்னவோ. கண்ணாடியின் உள்பக்கம் பனி பூத்திருந்தால் சூடு இருக்கிறது என்று அர்த்தம், அதை நானே கண்டுபிடித்துவைத்திருக்கிறேன். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பூத்திருக்கிறது. நடுவில் இல்லை. நான் போட்ட கம்பளியும் பழைய மெத்தைவிரிப்பும் பெட்டியைக் குளிர் கண்ட பிள்ளைமாதிரி ஆக்கிவைத்திருக்கின்றன. உள்ளே இருக்கிறதுக்கும் உடம்புச் சூடு இருக்கும், கொஞ்ச நேரம் தாங்கும் என்று டைட்டஸ் சொல்லியிருக்கிறான். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்க விட்டுவிட்டேன்.

டியூப் என்று அவன் சொன்னது குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப். பெட்டியின் பக்கத்தில் துளை போட்டு, வலைக்கு அடியில் இருக்கிற தண்ணீர்த் தட்டு வரைக்கும் அதைச் செருகி மெழுகு வைத்து அடைத்திருக்கிறான், மூடியைத் திறக்காமலே தண்ணீர் ஊற்ற. முட்டைக்கு ஈரம் வேண்டுமே என்று வைத்தது. எனக்கு அடுப்படியில் நிற்கும்போது ஒரு யோசனை வந்தது, நீர் கொடுத்ததுதான், அவனிடம் கேட்கலாமென்றால் அவன் போன் மேஜை மேலேயே கிடக்கிறது. தண்ணீரைச் சுடவைத்து, முழங்கையை வைத்துப் பார்த்து, கைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பதத்தைவிட ஒரு பிடி கூடுதலாக, டியூபின் வாயில் புனலை வைத்து உயரத் தூக்கிப் பிடித்துப் பைய ஊற்றினேன். தட்டில் இருந்து ஆவி எழும்பி வலை வழியாக முட்டைகளுக்குப் போகும் அல்லவா. ஆறினதும் புனலை எடுத்துவிட்டு டியூபைத் தரைக்கு இறக்கிச் செம்பில் விட்டால் ஆறின தண்ணீர் தன்னாலே வெளியே வந்துவிடுகிறது. மறுபடி சுடுதண்ணீர். ஊற்றுகிறதும் இறக்குகிறதுமாக எனக்கு நேரம் போகிறது. ஊற்றும்போது அவன் பேரைச் சொல்கிறேன், இறக்கும்போது ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. இதற்குள் ஜெபத்தை விட்டுவிட்டாளே என்று நினையாதேயும், கை வேலை செய்தால்தான் எனக்கு ஜெபம் வருகிறது. மகள் பெனிட்டா கோயம்புத்தூரிலிருந்து போன வாரம் கேட்டாள், "ஏம்மா, கோழிக்குஞ்சு பொரிச்சா எல்லாம் சரியாப் போயிருமா? அவனை ஒரு டாக்டர்கிட்டக் காட்டணும்மா." காட்டணும், நான் மாட்டேன் என்று சொல்லவில்லை, ஆனால் டாக்டரிடம் போக முதலில் ஒருத்தன் கட்டிலை விட்டு எழும்ப வேண்டுமே. எழும்பவைத்தது இந்தப் பெட்டி ஒன்றுதான். தை மாதம் ஒரு விடியற்காலையில் தெருநாய்கள் கூட்டமாக மதில் ஏறிக் குதித்து என் கோழிகளை ஒன்று விடாமல் கடித்துப் போட்டன. றெக்கைக்கு நடுவில் நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறேன், யாரோ நிற்கிறமாதிரி இருந்து நிமிர்ந்து பார்த்தால் டைட்டஸ். தாடியும் மீசையுமாக நிற்கிறான். கூடையில் நான் சேர்த்துவைத்திருந்த முட்டைகளைப் பார்த்துவிட்டு, "அடை வைக்கக் கோழி இல்லைன்னா என்னம்மா, குடுங்க" என்றான். அப்படித்தான் பெட்டியைச் செய்து முதல் ஈடு வைத்தான். அந்த ஈடு ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. நாள் தாண்டியும் ஒரு சத்தத்தையும் காணோம் என்று புதைக்கக் கொண்டுபோனபோதுதான், முருங்கை மரத்தடியில் ஒரு முட்டையைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான், "இதென்னம்மா பளபளன்னு இருக்கு?" அத்தை பூசின ஜெப எண்ணெய் ஐயா, நீ தூங்கிட்டிருந்த, எல்லா முட்டைக்கும் நல்லா அழுத்தித் தேச்சுவிட்டாங்க என்றேன். அவன் என்னைப் பார்த்தான், முட்டையைப் பார்த்தான், மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். "அத்தை மூக்கையும் வாயையும் சேத்து அடச்சிட்டாங்களே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அப்போதுதான் அந்த மூச்சுக் கதையைச் சொன்னான். செத்த முட்டைகளை வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன், அவன் சிரிப்பு நின்றுவிடக் கூடாதே என்று சிரித்தேன். நின்றுவிட்டது. குழியை மூடிவிட்டுப் பெட்டியைப் பரணில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டான்.

அதே அத்தைதான், என் வீட்டுக்காரருடைய அக்கா சிரோன்மணி மதினி, கோவிலில் ஊருக்கே சோறு போடுகிற அசனப் பண்டிகை முடிந்த வாரம் தன் சிறுவிடைக் கோழிகளின் முட்டைகளைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்து, "ஏல, பரண்ல கெடக்குறத எறக்கு" என்று அவனை அதட்டி எழுப்பினவர்களும். நினைத்துக்கொண்டே இருக்கிறேன், அன்னா கேட்கிறது அவர்கள் குடையின் சத்தம். "ஏட்டி எமிலி! கரண்டு போச்சே, முட்டை என்னாச்சு?" மதினி குடையை மடக்காமலே நடைக்குள் வந்துவிட்டார்கள். டைட்டஸ் எங்கே என்று கேட்டார்கள். உடன்குடிக்குப் போயிருக்கான் மதினி, பேட்டரி எடுக்க, வண்டியில என்றேன். "வண்டியிலயா? அவனா? இந்த மழையிலயா?" மதினி குடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கி உமக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள், நீரும் கேட்டிருப்பீர், தெருவே கேட்டிருக்கும். அப்புறம் மடியிலிருந்து ஜெப எண்ணெய் வைக்கிற அந்தப் பன்னீர் பாட்டிலை எடுத்தார்கள். "நேத்து உபவாசக் கூட்டத்துல எல்லாருமாக் கைவச்சு ஜெபிச்ச எண்ணெய். ஆளுக்கு ஒரு சொட்டு போதும். தொற மூடியை." வேண்டாம் மதினி என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து மதினியிடம் நான் சொன்ன முதல் வேண்டாம் அதுதான். "என்னட்டி?" மூடியைத் தொறக்கக் கூடாது மதினி. "ஒரு நிமிஷந்தானட்டி." ஒரு நிமிஷமும் கூடாது. மதினி இடுப்பில் கையை வைத்தார்கள். "முட்டை யாரு முட்டை?" உங்க முட்டைதான். "என் கோழி இட்ட முட்டைக்கு நான் எண்ணெய் பூசக் கூடாதாக்கும்! முட்டை வாங்கும்போது மதினி இனிச்சா, எண்ணெய் பூசும்போது கசக்குதாக்கும்!" ஜெபிங்க மதினி, எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஜெபிங்க, எண்ணெய் மட்டும் வேண்டாம். "எண்ணெய் உனக்கு என்ன செஞ்சுது?" இதுதான் நான் இத்தனை மாதமாகப் பயந்துகொண்டிருந்த கேள்வி. என்ன சொல்வேன். டைட்டஸ் வந்து இறங்கின வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவனுக்காக முழங்காலில் நிற்கிறவர்கள். பிள்ளை இல்லாதவர்கள், அவனைத் தூக்கித் தூக்கி இடுப்பு தேய்ந்தவர்கள். அந்த எண்ணெயைத் தேய்த்த கைதான் முட்டைகளை அடைத்தது என்று சொன்னால் அந்தக் கையை அவர்கள் எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள். சொல்லாமல் சமாளிக்கப் பார்த்தேன், பொய்யாக ஒன்று வாய் வரைக்கும் வந்தது, பாதி வந்ததை முழுங்கினேன். பெட்டியைப் பார்த்தேன். கண்ணாடியில் ஓரத்துப் பனியும் குறைந்துகொண்டு வருகிறது, தண்ணீர் மாற்ற நேரம் ஆகிவிட்டது, இங்கே நான் வார்த்தை தேடிக்கொண்டு நிற்கிறேன். தேடினது போதும் என்று ஆகிவிட்டது. "முட்டை மூச்சு விடும் மதினி. ஓட்டுல துவாரம் இருக்கு. எண்ணெய் பட்டா அடச்சிரும்."

மதினி பெட்டியைப் பார்த்தார்கள். பாட்டிலைப் பார்த்தார்கள். ஆண்டவருக்கு முன்னால ஜெபிச்ச எண்ணெய் அடைக்குமா என்று கேட்பார்கள், அதற்கு நீரே பதில் சொல்லிக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கேட்டது வேறே. "அப்போ, போன தடவை..." ஆமா மதினி என்றேன். "எல்லாமேயா?" நீங்க தேச்சீங்க, கிண்ணத்தை நாந்தான ஏந்திக்கிட்டு நின்னேன் என்றேன். மதினி அப்படியே என் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். "இது எப்ப தெரிஞ்சுது உனக்கு?" லெந்துலயே. "லெந்துலயேவா! நான் ஊரெல்லாம் சொல்லிட்டுல்லட்டி அலையுதேன், எமிலிக்கு விசுவாசம் பத்தல, அதான் முட்டை பொரிக்கலன்னு!" தெரியும் மதினி. "தெரியுமா? தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டு இருந்த?" சொன்னா நீங்க சோறு திங்க மாட்டீங்களேன்னுதான். மதினி என்னையே பார்த்தார்கள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "கோட்டிக்காரி. கோட்டிக்காரி. இன்னைக்கு வாய் தொறக்குததுக்கு என் முட்டைதான் கெடச்சுதாக்கும்." பாட்டில் மூடியைத் திருகினார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, என் சேலையை முட்டி வரைக்கும் ஏற்றி, என் மூட்டில் தேய்க்க ஆரம்பித்தார்கள். "இதுக்குத் துவாரம் இல்லல்லா?" இல்ல மதினி. "அடச்சிட்டா அது பாட்டுக்கு அடைக்கட்டும். முழங்கால் போட்டு ஜெபிக்கமுடியலன்னு ஒரு வருஷமா மொணங்குத." தேய்த்து முடித்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே பெட்டிப் பக்கம் போனவர்களை, கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க மதினி என்று தடுத்தேன். அது இரண்டாவது வேண்டாம். ஒன்று சொல்லிப் பழகிவிட்டால் அடுத்தது அவ்வளவு கஷ்டமாக இல்லை. மதினி முணுமுணுத்துக்கொண்டு கழுவிவிட்டு வந்தார்கள். "என்ன செய்யணும், சொல்லு." அடுப்பைப் பாத்துக்கிடுங்க, தண்ணி கொதிக்கவிடாம சூடாக்கி, செம்பு செம்பாக் கொண்டாங்க என்றேன். நான் சொல்ல மதினி செய்கிறார்கள், ஆண்டவரே. என் மாமியார் உயிரோடு இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டார்கள். அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "துணியெல்லாம் ஏன்ட்டி மதிலில போடுத, கொடி என்னாச்சு?" அத்துப் போச்சு மதினி என்றேன். "நான் ஒண்ணு வாங்கித் தாறேன்." இப்ப வேண்டாம் மதினி. மூன்றாவது. அப்புறம் செம்போடு வந்து என் பக்கத்தில் குனிந்து, யாரும் இல்லாத வீட்டில் குரலைத் தாழ்த்தி, "அப்படியாட்டி?" என்றார்கள். நான் புனலைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். மதினி தண்ணீரை ஊற்றினார்கள். சிந்தாமல் ஊற்றினார்கள்.

எவ்வளவு நேரம் அப்படி ஊற்றினோம் என்று தெரியாது. ஊற்றுகிறோம், இறக்குகிறோம், மதினி எழும்புகிறார்கள், உட்காருகிறார்கள். மழை விடுகிறது, பிடிக்கிறது. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் என் காது தெருவுக்குப் போய்விட்டு வருகிறது, பால்காரர் வண்டி, பள்ளிக்கூட ஆட்டோ, அவன் வண்டி இல்லை. சாலையில் வழுக்குமே, எத்தனை மாதமாகத் தொடாத வண்டி, பிரேக் பிடிக்குமா, பேட்டரி என்ன கனம் கனக்கும், பின்னால் கட்டினானோ முன்னால் வைத்தானோ. நான் போகாதே என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இருந்திருப்பான், இருந்திருந்தால் சுவர்தான். போகட்டும் என்று நினைத்ததுதான் சரி. விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாலும் போய்விட்டு வந்தான் என்று இருக்குமே. இப்படி நினைக்கிற தாய் ஒரு தாயா என்றும் இருக்கிறது. அவனைப் பெற்றபோது எனக்கு இவ்வளவு யோசனை இல்லை, வலி வந்தது, பெற்றேன். வெளியே எடுக்கிறது எனக்குத் தெரிந்த வேலை. வெளியே வருகிறதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்குத் தெரியாத வேலை. பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. என் காதுக்குள் இரத்தம் ஓடுகிற சத்தம். மறு காதை வைத்தேன். கூரைத் தண்ணீர். இறந்துவிட்டதோ எல்லாம் என்று ஒரு எண்ணம் பாம்புமாதிரித் தலையைத் தூக்கியது, நான் அதோடு மல்லுக்கட்டவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று எழும்பி அடுத்த செம்புத் தண்ணீரை வாங்கி ஊற்றினேன். அது செத்திருந்தாலும் இதைத்தான் செய்வேன், உயிரோடு இருந்தாலும் இதைத்தான் செய்வேன், பிறகு எதற்குத் தெரிந்துகொள்ளத் துடிக்க வேண்டும். டைட்டஸின் கதவுக்கு வெளியே நான் தேத்தண்ணீர் வைத்ததும் அப்படித்தானே. குடிப்பானா என்று பார்த்து வைக்கவில்லை. கண்ணாடியில் நடுவிலும் பனி பூக்க ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் மதினி என் தோளைப் பிடித்து நசுக்கினார்கள். "ஏட்டி. அன்னா. அந்த ஓரத்து முட்டையில, பென்சில் கோடு போட்டிருக்குல்லா, அதுக்குப் பக்கத்துல." பனிக்கு ஊடே சரியாகத் தெரியவில்லை. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஓட்டில் ஒரு இடம் உள்ளிருந்து முட்டி, கடுகு அளவுக்குத் தெறித்துத் தூக்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கும்போதே அந்தச் சில்லு ஒரு தரம் அசைந்தது. பூச்சியோ என்று நினைத்தேன். மறுபடி அசைந்தது. "சத்தம் கேக்குட்டி, கேக்கா உனக்கு?" கேட்டது. பெட்டிக்குள்ளிருந்துதான். கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிறமாதிரி ஒரு கீச். மதினி அழுதுகொண்டே எழும்பப் பார்த்தார்கள். "பாவம், முட்டுது, அதால முடியல. ஊக்கு முனையால லேசா அந்தச் சில்லை எடுத்துவிட்டா என்ன?" கையை எடுங்க மதினி என்றேன், மூடியில் என் இரண்டு கையையும் அழுத்தி வைத்துக்கொண்டேன். "பாவம்டி." பாவந்தான். அதுக்குத் தெரியும், வரும். நாம இங்க இருப்போம். மதினி என் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டார்கள், திறக்க அல்ல, சும்மா வைத்துக்கொண்டார்கள். சில்லு இன்னும் கொஞ்சம் விலகிவிட்டது ஆண்டவரே, உள்ளே வெள்ளையாக ஒரு முனை தெரிகிறது, மூக்குதான், மூச்சு வாங்குகிறது. இப்போது தெருமுனையில் ஒரு வண்டி இருமுகிறது. அந்த இருமல் எனக்குத் தெரியும். பள்ளத்துக்கு நிதானித்து ஓட்டுகிறான், கனம் ஏற்றியிருக்கிறான். பெரிதாக ஒன்றும் இன்றைக்குக் கேட்கப்போவதில்லை, அதையெல்லாம் நாளைக்குக் கேட்கிறேன். உள்ளே இருக்கிறதிடம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லும். அவன் வண்டியை நிறுத்தி, காலைக் கழுவிவிட்டு, உள்ளே வந்து, அது வெளியே வருகிறதை முதலில் அவன் பார்க்கட்டும்.